பொதுத்தீர்வைச் சுவரில் அம்மா

ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சாரத்தில் விறுவிறுவென்று ஏறினாள் அவள். அம்மாவின் சவப்பெட்டி வீட்டிலிருந்து கிளம்பிவிட்டது. அது கோயிலுக்குள் வருவதற்குள் சுவரில் இருக்கும் அம்மாவின் முகத்தை அழித்தாக வேண்டும்.

முந்நூறு வருஷத்து மாதா கோயில். பீடத்துக்கு இடப்பக்கச் சுவர் முழுக்க, உலக முடிவில் கடவுள் எல்லோருக்கும் தீர்ப்புச் சொல்லும் பொதுத்தீர்வை ஓவியம்; மேலே சொர்க்கம், கீழே நரகம். நரகத்தில் ஒரு பெண்ணின் முகம் மட்டும் மழைத்தண்ணீர் இறங்கி எப்போதோ உதிர்ந்திருந்தது. ஓவியத்தைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த அவள் கணவன், அந்த இடத்தில் மாமியாரை வரைந்து வைத்திருந்தான்.

காலையில் சாரத்தை மூடியிருந்த படுதாவை அவிழ்த்ததும், பீடத்துக்குப் பூ வைக்க வந்த சித்திதான் கண்டுபிடித்தாள். "அக்காவ நரகத்துல தள்ளிட்டு, சொர்க்கத்துக்குப் போகணும்னு நாம ஜெபம் பண்ணணுமாடி? நல்ல மருமகன்!"

"தண்ணிக் கலர்தான், துடைச்சா போயிடும்," என்றான் கணவன், கீழே சாரத்தைப் பிடித்தபடி. "அதுக்கு முன்னாடி, அம்மாவுக்கு எதிர்ல நிக்கற அந்தப் பிசாச ஒரு தடவ பாரு."

"இன்னிக்குமா உங்க பாடம்?"

"பாரேன்."

பார்த்தாள். பிசாசு பழையது, இவன் தூரிகை படாதது. கையில் சூட்டுக்கோல் இருந்தும் உடம்பு பின்னால் சாய்ந்திருந்தது. ஒரு கால் ஓட்டத்துக்குத் தயாராக.

"யாரப் பாத்து அப்படிப் பயப்படுதுன்னு தெரியல. அழற முகமாப் போட்டுப் பாத்தேன், கெஞ்சற முகமாப் போட்டுப் பாத்தேன். ஒண்ணும் ஒட்டல. பிசாசே ஓடணும்னா, எனக்குத் தெரிஞ்சு ஒரே ஆள்தான்."

சுவரில் அம்மாவின் இடது புருவம் ஏறியிருந்தது. நேற்று ஆஸ்பத்திரியில், "வலிக்குதாம்மா?" என்று நர்ஸ் கேட்டபோதும் அப்படித்தான் ஏறியது.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"போன மாசம் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்தாங்க. 'பரவாயில்ல மாப்பிள்ளை, ஓடறான்'னாங்க."

வெளியே பாட்டுச் சத்தம் நெருங்கியது. அதையும் மீறிச் சித்தியின் குரல்: "அழிச்சாச்சாடி?"

அவள் துணியைக் கீழே போட்டாள்.

"தோடு எங்க?"

"என்னது?"

"தோடு இல்லாம அம்மா என்னிக்கு வாசப்படி தாண்டியிருக்காங்க? சீக்கிரம் வந்து போடுங்க."

அவன் மஞ்சள் வர்ணத்தைக் குழைத்துக்கொண்டு ஏறினான்.

பெட்டியைப் பீடத்தின் முன்னால் இறக்கினார்கள். சித்தி சுவரை நிமிர்ந்து பார்த்தாள். தன் காதுத் தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். முதல் ஜெபம் முடியும்வரை அம்மாவின் காதில் அந்த மஞ்சள் பொட்டு மட்டும் ஈரமாக மின்னிக்கொண்டிருந்தது.