எட்டு மாதமாக ஒரு தவறும் இல்லை

கடிதம் வந்த அன்று அவள் அதை மூன்று முறை படித்தாள். கீழே மருத்துவமனை இயக்குநரின் கையெழுத்து. ரத்த வங்கியின் மேற்பார்வையாளரான அவளுடைய 'பணி வளர்ச்சிக்காகவும் மனநலனுக்காகவும்' 'கோச்' எனப்படும் ஒரு வழிகாட்டியுடன் ஆறு அமர்வுகள் ஏற்பாடு செய்யப்பட்டிருக்கின்றன. பேசுவதெல்லாம் ரகசியமாக இருக்கும்.

"கோச்சா? உன்னை எந்தப் பந்தயத்துல ஓட விடப்போறாங்களாம்?" என்றார் கணவர். வீட்டு வரைபடங்கள் போடுவது அவர் தொழில். மேசையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"வீட்டுக்கு அனுப்புற பந்தயத்துல," என்றாள்.

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. பத்தொன்பது வருட வேலை; அதில் கடைசி நான்கு வருடம் மேற்பார்வை. வயது நாற்பத்து மூன்று. இந்த எட்டு மாதத்தில் அவளிடமிருந்து மூன்று பேர் வேலையை விட்டுப் போயிருந்தார்கள். அதற்குத்தான் இது என்று அவளுக்குத் தெரியும். முதலில் கோச், அப்புறம் விளக்கக் கடிதம், அப்புறம் கதவு.

மூன்றாவது மாடியில், முன்பு பழைய கோப்புகள் கிடந்த அறையில் இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். கோச் ஐம்பத்தைந்து வயதிருக்கும் பெண்மணி. விமானங்களைப் பழுது பார்க்கும் ஒரு கூடத்தைப் பல வருடம் நடத்தியவராம். நோட்டுப் புத்தகம்கூட எடுத்து வரவில்லை.

அவள் தன் நாளைச் சொன்னாள். ஒவ்வொரு ரத்தப் பையையும் தானே இரண்டாம் முறை பார்ப்பது, மற்றவர்கள் எழுதிய லேபிளைத் தானே திருத்துவது, மதியச் சாப்பாட்டை நான்கு மணிக்கு நின்றபடியே முடிப்பது, மூன்று மணி நேரம்கூடச் சேர்ந்தாற்போல் தூங்காதது. "எனக்குப் பின்னாடி பூதக்கண்ணாடின்னு பேரு வெச்சிருக்காங்க. இருக்கட்டும். ரத்தம் மேடம் இது. அசந்தா ஆள் போயிடும்."

"சரி. நீங்க ஒரு தப்பு பண்ணா அதை யாரு கண்டுபிடிப்பாங்க?"

"நான் பண்ண மாட்டேன்."

"நான் அதைக் கேக்கலையே."

அவளுக்குச் சுருக்கென்றது. மீதி நேரம் முழுவதும் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

இரண்டாம் அமர்வுக்குத் தயாராகப் போனாள். பெருமைப்பட ஒன்று இருந்தது அவளிடம். சின்னப் பிசகு நடந்தால்கூட ஊழியர்கள் எழுதிக் கொடுக்க வேண்டிய தவறுப் படிவம், எட்டு மாதமாக ஒன்றுகூட வரவில்லை. அதைச் சொன்னாள்.

"முன்னாடி எவ்வளவு வரும்?" என்றார் கோச்.

"மாசத்துக்கு நாலஞ்சு. எல்லாம் சின்னச் சின்ன விஷயம். குழாய்ல தேதி இல்ல, கையெழுத்து விட்டுப்போச்சு, அப்படி."

"அந்த நாலஞ்சும் இப்ப எங்க போச்சு?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு ஆம்புலன்ஸ் சைரன் இல்லாமல் மெதுவாகத் திரும்பிப் போனது.

கீழே இறங்கி வந்தபோது ரத்த வங்கி அமைதியாக இருந்தது. அந்த அமைதியை அவள்தான் உண்டாக்கினாள்; அது ஒழுங்கு என்று நினைத்திருந்தாள். இன்று அது காதில் வேறு மாதிரி விழுந்தது. ரத்தத்தைப் பிரிக்கும் இயந்திரத்தின் சுழற்சி, குளிர்பெட்டிகளின் முனகல், நான்கு ஊழியர்களின் அசைவு. பேச்சில்லை. கணினி முன் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு வாயாடி என்று பட்டப்பெயர். பன்னிரண்டு வருடத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, மூச்சு விடக்கூட நிறுத்தாமல் பேசியவள்; முன்பெல்லாம் இவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவள் குரலைக் கடைசியாக எப்போது கேட்டோம் என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

ரத்தம் வைக்கும் பெரிய குளிர்பெட்டியின் பக்கவாட்டில் வெப்ப அட்டவணை தொங்கியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து எழுத வேண்டியது. தினமும் அவள் பார்க்கும் தாள்தான். எட்டு மணி, நான்கு டிகிரி. பத்து மணி, நான்கு. பன்னிரண்டு, நான்கு. இரண்டு, நான்கு. கண்ணாடிக் கதவுக்கு மேல் ஒளிர்ந்த எண்ணோ ஐந்து. ஐந்து தவறில்லை, ஆறு வரை போகலாம். ஆனால் அவள் விரல் தாளில் இன்னும் கீழே இறங்கியது. நான்கு மணி, நான்கு. ஆறு மணி, நான்கு.

அப்போது மணி இரண்டரை.

எழுதியவனை நாலு பேர் முன்னால் நிற்க வைத்துக் கிழிக்க வேண்டும் என்று நாக்கு துடித்தது. வராந்தாவுக்குப் போய், கோச் கொடுத்திருந்த எண்ணை அழைத்தாள். நடந்ததைச் சொன்னபோது குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

"இப்பப் போய்த் திட்டினா என்ன ஆகும்?" என்றார் கோச்.

"இனிமே எழுத மாட்டாங்க." உடனே திருத்தினாள். "இல்ல. எனக்குத் தெரியாத மாதிரி எழுதுவாங்க."

"உங்களுக்கு என்ன வேணும்?"

"உண்மை தெரியணும். இன்னும் என்னென்ன மூடி வெச்சிருக்காங்கன்னு தெரியணும்."

"சரி. நீங்க மூடி வெச்சது ஏதாவது இருக்கா?"

வராந்தாவில் ஒருவர் நோயாளியைத் தள்ளிக்கொண்டு போனார். அவள் சுவர் ஓரம் திரும்பிக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"அஞ்சு வாரத்துக்கு முன்னாடி ஒரு பையில குரூப்பை மாத்தி ஒட்டிட்டேன். அப்ப ரெண்டு நாளா தூங்கல. பை வெளியே போறதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடி நானே பாத்துட்டேன். லேபிளைக் கிழிச்சு கைப்பைக்குள்ள போட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். படிவம் எழுதல. யாருக்கும் தெரியாது."

"இப்ப எனக்குத் தெரியும்," என்றார் கோச். "அதை யார்கிட்ட சொல்லணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க. அவசரம் இல்ல. ஆனா ரொம்ப நாளும் இல்ல."

மறுநாள் காலை நான்கு பேரையும் கூப்பிட்டு நிற்க வைத்தாள். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அவள் லேபிள் விஷயத்தை ஒன்று விடாமல் சொன்னாள். அதற்கான படிவத்தை எழுதி எல்லாருக்கும் தெரியும்படி மேசையில் வைத்தாள். "உங்ககிட்டயும் ஏதாவது இருந்தா சொல்லுங்க. நான் கத்த மாட்டேன்," என்றாள்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒவ்வொருவராக நழுவி வேலைக்குத் திரும்பினார்கள். அன்றும் மறுநாளும் யாரும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. எதற்காகவோ காத்துக்கொண்டு அந்த அறையே மூச்சைப் பிடித்திருப்பதுபோல் அவளுக்குப் பட்டது.

"சும்மா இருந்த சங்கை ஊதிட்டியா?" என்றார் கணவர். கேலியாக ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மூன்றாம் நாள் மதியம் அவசரப் பிரிவிலிருந்து போன் வந்தது. நெடுஞ்சாலையில் ஒரு வேன் கவிழ்ந்திருக்கிறது, இரண்டு பெண்களுக்கு உடனே ரத்தம் வேண்டும். மூன்றாம் கட்டில், நான்காம் கட்டில். ரத்த மாதிரிக் குழாய்கள் இரண்டும் ஒரே தட்டில் வந்தன. சோதித்தார்கள். மூன்றாம் கட்டிலுக்கு பி குரூப், நான்காம் கட்டிலுக்கு ஏ. மூன்றாம் கட்டிலுக்கான பை முதலில் தயாரானது. அவள் சரிபார்த்துக் கையெழுத்திட்டு அனுப்பினாள். நான்காம் கட்டிலின் பையையும் பார்த்து முடித்தாள். வார்டு ஊழியர் பெட்டியைத் திறந்து நீட்டினார்.

"மேடம்."

வாயாடி பக்கத்தில் நின்றிருந்தாள். உதடு காய்ந்திருந்தது.

"என்ன இப்ப?" என்றாள் இவள், பழைய குரலில்.

வாயாடியின் முகம் கதவைச் சாத்தினாற்போல் மூடிக்கொண்டது. "ஒண்ணுமில்ல மேடம்."

பை பெட்டிக்குள் பாதி இறங்கியிருந்தது. அவள் அதை நிறுத்தினாள். எதற்காக என்று அப்போது அவளுக்கே தெரியாது. பையைத் திரும்ப எடுத்து மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, வாயாடியை அண்ணாந்து பார்த்தாள்.

"சொல்லும்மா. தப்பா இருந்தாலும் பரவாயில்ல."

"நாலாம் கட்டில்… அந்தப் பேரு எனக்குத் தெரியும். போன வருஷம் இங்க வந்து ரத்தம் கொடுத்துட்டுப் போனாங்க. நான்தான் பதிஞ்சேன். அவங்க பி. ஏ இல்ல."

கொடையாளர் பதிவை எடுத்தார்கள். அதே பெயர், அதே பிறந்த தேதி. பி.

அறையில் இருந்த எல்லாருக்கும் அடுத்தது ஒரே நேரத்தில் புரிந்தது. குழாய்கள் மாறியிருக்கின்றன. நான்காம் கட்டில் பி என்றால் மூன்றாம் கட்டில்தான் ஏ. மூன்றாம் கட்டிலுக்கு பி ரத்தம் போய்விட்டது.

வார்டு எண்ணை அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது; எடுப்பார் இல்லை. போனை வைத்துவிட்டு ஓடினாள். நீளமான வராந்தா, லிஃப்ட் வரவில்லை, படிக்கட்டு. நாற்பத்து மூன்று வயதில் அப்படி ஓடியதில்லை. அவசரப் பிரிவின் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு நுழைந்தபோது மூன்றாம் கட்டிலின் மேலே பை தொங்கியது. குழாய் சிவப்பாக இருந்தது. படுத்திருந்த பெண்ணின் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. "குளிருது, முதுகு வலிக்குது," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நர்ஸ் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே அவளே போய்க் குழாயை அடைத்தாள்.

அதற்குள் அரைக் குவளை அளவு உள்ளே போயிருந்தது. அன்று மாலைக்குள் அந்தப் பெண்ணின் சிறுநீர் கறுத்து, பிறகு நின்றேபோனது. தீவிர சிகிச்சைக்கு மாற்றி, இயந்திரத்தால் ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள்.

கீழே, கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் வாயாடி சுவரைப் பார்த்து நின்றிருந்தாள்.

"எனக்கு முன்னாடியே சந்தேகம் வந்துடுச்சுக்கா. முதல் பை போறதுக்கு முன்னாடியே. சொல்லலாமா வேணாமான்னு பத்து நிமிஷம் நின்னேன். நீங்க என்ன சொல்வீங்களோன்னு…"

அவளால் வாயாடியின் கையைத்தான் பிடிக்க முடிந்தது.

நடந்ததைப் பற்றி மருத்துவமனை விசாரணை வைத்தது; அதற்கு முந்தின நாள் மூன்றாம் அமர்வு. அவள் அரைமணி நேரம் அழுதாள். கோச் தண்ணீரை நகர்த்தி வைத்தார், தேற்றவில்லை. கடைசியில் கேட்டார்: "நாளைக்கு அந்த அறையில எதை விட்டுடாம சொல்லணும்?" இருவரும் அதையே திருப்பித் திருப்பிப் பேசினார்கள், அவளால் அழாமல் சொல்ல முடிகிறவரை.

விசாரணையில் இயக்குநர் உட்பட மூவர் உட்கார்ந்திருந்தார்கள். அவசரப் பிரிவில் குழாய்களில் பெயரை மாற்றி ஒட்டியது நிரூபணமாகியிருந்தது. அடுத்து, சந்தேகம் வந்தும் சொல்லத் தாமதித்த ஊழியர் யார் என்று கேட்டு ஒருவர் பேனாவைத் திறந்தார்.

"அந்தப் பத்து நிமிஷம் என்னோடது," என்றாள் அவள். "நாலு வருஷமா இவங்க வாயைத் திறந்தா நான் கடிச்சு வெச்சேன். வெப்ப அட்டவணையை முன்கூட்டியே எழுதினாங்க, தப்பை மறைச்சாங்க. நானும் மறைச்சேன். இதெல்லாம் எழுதிக்கோங்க. அவ பேரை மட்டும் இங்க எழுதாதீங்க."

பேனாக்காரர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் ஜன்னலைப் பார்த்தார். அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். ஆறு மாதம் கண்காணிப்பு. பதவி போகுமா போகாதா என்று யாரும் சொல்லவில்லை.

அந்த வாரம் படிவங்கள் வர ஆரம்பித்தன. முதல் நாளில் மூன்று, வார இறுதிக்குள் பதினேழு. குளிர்பெட்டி ஒன்றின் கதவு போன மாதம் இருபது நிமிடம் திறந்து கிடந்திருக்கிறது. கெடு முடிந்த பை ஒன்று கடைசி நொடியில் பிடிபட்டிருக்கிறது. ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்தாள். இவ்வளவும் தன் காலடியில் நடந்தபோதுதான் எட்டு மாதம் பெருமையோடு நடமாடியிருக்கிறாள். ஒன்றுக்கும் குரலை உயர்த்தவில்லை. சில நாள் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டாம் சரிபார்ப்பை ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுத்தாள். மதியம் ஒரு மணிக்கு உட்கார்ந்து சாப்பிட்டாள், கோச் சொன்னதால் அல்ல, வாயாடி தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்ததால். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியும்வரை தூங்கி, எழுந்து பயந்துபோய்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

ரத்தம் மாறிப்போன ஒன்பதாம் நாள் காலை தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து செய்தி வந்தது. மூன்றாம் கட்டில் பெண்ணுக்குச் சிறுநீர் வர ஆரம்பித்திருக்கிறது. பிழைத்துவிடுவாள், சிறுநீரகம் முழுசாகத் திரும்புமா என்பதை இப்போதே சொல்ல முடியாது.

அவள் மேலே போனாள். வெளியே பெஞ்சில் அந்தப் பெண்ணின் அண்ணன் உட்கார்ந்திருந்தார். ஒன்பது நாள் தாடி.

"நீங்க யாரு?" என்றார்.

"ரத்த வங்கில மேற்பார்வை பண்றவ. உங்க தங்கச்சிக்குப் போன பையில கையெழுத்துப் போட்டது நான்தான்."

அவர் எழுந்து நின்றார். கை முஷ்டியாகிப் பிறகு மெதுவாகப் பிரிந்தது.

"ரத்தம் ஒத்துக்கலன்னுதான் எங்ககிட்ட சொல்லியிருக்காங்க."

"தெரியும்," என்றாள். "என்ன நடந்ததுன்னு முழுசா சொல்றேன். முதல்ல உங்களுக்கு. அப்புறம், நீங்க விட்டா, உள்ள போய் அவங்களுக்கும்."

அவர் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தட்டில் குழாய்கள் வந்த நிமிடத்திலிருந்து ஆரம்பித்தாள்.