அக்கா வீட்டுச் சிவப்புக் கொடி

கடைசிச் சங்கும் ஊதி முடிந்த பிறகுதான் அக்கா வீட்டு மாடியில் சிவப்புக் கொடி ஏறியது. வெடிக்காரர் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டார்.

சுரங்கத்தில் அவருக்கு அதுதான் பெயர். மற்றபடி பலூன் உடைந்தாலே திடுக்கிடுகிற மனிதர். வெடிக்கு முன் சங்கு ஊதினால் போதும் என்கிறது சட்டம். கொடி, கம்பெனி தானாக முன்வந்து கொடுத்த வாக்கு. பக்கத்து வீடுகளில் யார் கொடியை ஏற்றினாலும் வெடி நிற்கும், காரணம் கேட்கமாட்டோம் என்று வீடுவீடாகப் போய்ச் சொல்லி, ஆளுக்கொரு கொடியும் கொடுத்து, வெடி வைக்கச் சம்மதம் வாங்கியவர் இவரேதான். ஆனால் ஒருவரும் ஏற்றியதில்லை. ஒரு வீட்டில் அது ஃப்ரிட்ஜுக்கு உறையாகவே ஆகிவிட்டது. அக்கா மட்டும் அன்றைக்கே, "கம்பெனிக்காரனுக்குப் பரிஞ்சு பேச வந்துட்டியா?" என்று கேட்டதோடு சரி. அப்புறம் பேச்சு நின்றது. எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அம்மா போனபிறகு அவருக்கென்று இருந்தவள் அவள் ஒருத்திதான். நினைத்தால் சோறு இறங்காது.

வாக்கிடாக்கியில் மேனேஜர் கத்தினார். "என்னங்க ஆச்சு? சங்கு ஊதியாச்சு, சட்டப்படி எல்லாம் சரி. மேகம் வேற கூடுது. இடி இறங்கினா மருந்து தானா வெடிச்சிடும், அமுக்குங்க!"

"கொடி ஏறியிருக்கு சார்."

"யார் வீடு?"

"எங்க அக்கா வீடு."

"அட, உங்க வீட்டுச் சண்டையை அப்புறம் பேசித் தீத்துக்கங்க. அமுக்குங்க."

மேனேஜர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் இப்போது அமுக்கிவிட்டால், வீடுவீடாகப் போய்ச் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும். வெடிக்காரர், "வாக்குக் குடுத்தது நான் சார்" என்றார். ஒருத்தரையும் உள்ளே விடாதே என்று காவலாளியிடம் சொல்லிவிட்டு, வெடிப்பெட்டியின் சாவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

அக்கா வாசலில் நின்றிருந்தாள்.

"எதுக்குக்கா ஏத்துன? யாருக்காவது உடம்பு முடியலையா?"

"காரணம் கேக்கமாட்டோம்னுதானே சொன்ன?"

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் சொன்னாள்: "நிப்பாட்டுவியான்னு பாத்தேன்."

அவருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அங்கே குழிகள் நிறைய மருந்து, மேலே கருமேகம், இவளுக்கு விளையாட்டா? திட்டுவதற்கு வாயைத் திறந்தபோதுதான் உறைத்தது, அக்கா பேசிவிட்டாள்.

அவள் மாடியேறிக் கொடியை இறக்கிக்கொண்டு வந்தாள்.

"போ, மழைக்கு முன்னாடி வேலையை முடி. அப்புறம் சாப்பிட வா."

வாசல் படலைத் திறந்தவர் திரும்பிப் பார்த்தார். திறந்த கதவுக்குள்ளே அக்கா, வெடி அதிர்வில் விழுந்துவிடாதபடி அலமாரியிலிருந்து டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்துக்கொண்டிருந்தாள். கொடியை மட்டும் உள்ளே வைக்கவில்லை. இடுப்பில் செருகியிருந்தாள்.