ஒரு பார்மா பந்தயம்

1

எழுந்தேன். கெட்டிலைப் போட்டேன். நாய்க்குச் சாப்பாடு வைத்தேன். ரொட்டியை வாட்டினேன். அதையும் நாய்க்கு வைத்தேன். போனில் பெர்த் பந்தயக் குதிரை ஒன்றின்மேல் பணம் கட்டினேன். பல் துலக்கினேன்.

இது கதையாகத் தொடங்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில் எங்கள் ஹார்ஷம் ஊர்க் கால்பந்துக் கிளப்பின் செய்திமடலுக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். தலைப்பையும் கொடுத்தார்கள்: ‘விளையாட்டுப் பந்தயத்தை ஆரோக்கியமான, சமச்சீரான பொழுதுபோக்காக வைத்துக்கொள்வது எப்படி?’ கேட்டவன் நூனன். கிளப் செயலாளர், என் நண்பன். என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் பப்பில் பந்தயத்துக்கு ஒரு விதி இருக்கிறது. அதை உண்டாக்கியவள் என் மனைவி கெரின். ஏப்ரலில் இறந்துவிட்டாள். மூளையில் ஒரு ரத்தக்குழாய். வயது முப்பத்தொன்று.

2

முதல் வரைவு: ‘அளவோடு ஆடினால் பந்தயம் ஒரு

(ஒரு என்ன? தெரியவில்லை. விட்டுவிட்டேன்.)

இரண்டாம் வரைவு: ‘என் மனைவி அடிக்கடி சொல்வாள்

(அடிக்கடி சொல்லவில்லை. ஒரே தடவை சொன்னாள். எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்.)

சொன்னது இதுதான். சனிக்கிழமைப் பந்தயம் ஒரு பார்மாவைத் தாண்டக்கூடாது. பார்மா என்பது பப்பில் ராத்திரி நாங்கள் சாப்பிடும் கோழி. மேலே தக்காளியும் சீஸும், பக்கத்தில் உருளைக்கிழங்குச் சிப்ஸும். அந்தச் சாப்பாட்டுக் காசை மட்டும் கட்டலாம். ஜெயித்தால் பார்மா. தோற்றால் பப்பை நடத்தும் மொரீன் அக்கா கொண்டுவந்து வைக்கும் ரொட்டியும் வெண்ணெயும். ஜெயித்தவர்கள் எதிரே உட்கார்ந்து மெதுவாகத் தின்பார்கள். மெதுவாகத் தின்பதும் விதிதான்.

தோல்வி அன்றைக்கே வலிக்க வேண்டும், நண்பர்கள் முன்னால் வலிக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக் காலைச் சாப்பாட்டோடு தீர்ந்துவிட வேண்டும். சமச்சீர் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.*

* நூனன் ஒரு சீசன் முழுக்க எங்கள் ஊர் அணிமேலேயே பணம் கட்டினான். அந்த வருஷம் மொரீன் அக்கா வெண்ணெயை நிறுத்தி மலிவான மார்ஜரினுக்கு மாற வேண்டியதாயிற்று.

3

விதியில் ஒரு குறை. அது வேலை செய்யப் பசி வேண்டும்.

ஏப்ரலுக்குப் பிறகு எனக்குப் பசி இல்லை. அதனால் தோற்றாலும் எதுவும் தோற்றதாகத் தெரிவதில்லை. இன்றைய சாப்பாட்டைக் கட்டினேன், போயிற்று. நாளையதைக் கட்டினேன், ஒரு தடவைக்கு ஒரு பார்மாதான். இப்போது வரப்போகும் செப்டம்பர் கடைசிவரை என் ராத்திரிச் சாப்பாடெல்லாம் போய்விட்டது. கிறிஸ்துமஸ் இறாலுக்கும் ஆபத்து. நல்ல விதியை ஒரு எழுத்துக்கூட மீறாமல் மெலிந்துகொண்டிருக்கிறேன்.

இதைச் செய்திமடலில் போட முடியாது. ஆகவே கதை.

4

நூனனை ஒரு பாத்திரமாக நம்புவது கஷ்டம். இந்த இடத்தில் நண்பன் தோளில் கைவைத்து ஆழமாக ஏதாவது சொல்ல வேண்டும். அவன் கட்டுரை கேட்டுத்தான் வந்தான். சனிக்கிழமை, பப், எங்கள் வழக்கமான மேசை.

“பெல்ட்டுல என்னடா, புது ஓட்டை?”

“ஆணி வெச்சு அடிச்சேன்.”

“கோணலா இருக்கு.”

கட்டுரை போனில் இருக்கிறது என்றேன். வாங்கிப் பார்த்தான். அதில் இருந்தது கட்டுரை இல்லை, நான் கட்டித் தோற்ற பந்தயங்களின் பட்டியல். நீளமாக விரலால் தள்ளிக்கொண்டே போனான். தொலைக்காட்சியில் என் பெர்த் குதிரை கடைசியாக, அவசரமே இல்லாமல் வந்து சேர்ந்தது. நூனன் போனைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கை தூக்கினான்.

“மொரீன் அக்கா, இவனுக்கு ஒரு பார்மா.”

“ஜெயிச்சுட்டானா?”

“தோத்துட்டான். இன்னிலேருந்து இவனுக்கு மட்டும் தலைகீழ். தோத்தா பார்மா. ரொட்டி வேணும்னா ஜெயிச்சுக் காட்டட்டும்.”

இது விதியில் இல்லை என்றேன். செயலாளர் தான்தான் என்றான். தட்டு காலியாகும்வரை நகர மாட்டேன் என்று மொரீன் அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேசையில் மற்றவர்கள், ஜெயித்தவர்கள் உட்பட, ரொட்டி கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மெதுவாகத் தின்றார்கள்.

5

முடிவு அ: முழுவதையும் தின்கிறேன். கண்ணீர் வருகிறது. (சமையலறையில் உப்பு கூடிவிட்டது என்று மொரீன் அக்கா சண்டைக்குப் போய்விடுவார்.)

முடிவு ஆ: போனைப் பிடுங்கிக்கொண்டு போகிறேன். கிறிஸ்துமஸ் இறாலையும் தோற்கிறேன். (இதற்கு ஆதாரம் நிறைய.)

முடிவு இ: ஒரு துண்டு வெட்டி வாயில்

தட்டு என் முன்னால் ஆறிக்கொண்டிருக்கிறது. நூனன் கத்தியின் பிடியை என் பக்கம் திருப்பி வைத்திருக்கிறான். மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

கெரினின் கடைசிப் பேச்சை மட்டும் எழுத வேண்டாம். அதற்கும் நான் வரைவு போட்டுப் பார்த்தேன். ‘அளவோடு இரு.’ (செய்திமடலுக்குப் பொருந்தும். பொய்.) ‘உன்னைப் பார்த்துக்கொள்.’ (இப்படிப் பேசுகிறவர்களைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு வரும்.)

நடந்தது இதே மேசையில். அன்றைக்கு அவள் ஜெயித்திருந்தாள். தட்டு வந்தது, தொடவில்லை. தலை வலிக்கிறது, காரில் கொஞ்சம் படுத்திருக்கிறேன் என்று எழுந்தாள். தட்டை என் பக்கம் தள்ளினாள்.

“பார்மாவ நீ தின்னுடு. சிப்ஸ்ல கை வெச்சே, கொன்னுடுவேன்.”