உஸ்தாதின் பொருத்தம்

ஹைதர் உஸ்தாதுக்குச் சர்க்கரை வியாதி. அது ஒரு குற்றமா? நோயாளிக்கு நோன்பிலிருந்து மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. ஆனால் நோன்பை முறித்த பிள்ளைகளைப் பிரம்பால் விளாசிய மனுஷனுக்கு அதை வெளியே சொல்ல நா எழவில்லை. மணக்காட்டில் எங்கள் மதரசா விடுதியில் நல்லொழுக்கப் பாடம் நடத்துகிறவரும் அவர்தான். நான் பீர்பாத்து, அங்கே சமையல்காரி.

ரமலானில் ஒரு மத்தியானம் சர்க்கரை இறங்கி வேர்த்துக் கொட்ட அடுக்களைக்குள் வந்தார். வாழைப்பழம் எடுத்துக் கொடுத்தேன். அவர் உரித்து வாயில் வைக்கும்போது வாளியோடு நுழைந்தான் மாஹீன். பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டு திரும்பிவிட்டான். தகப்பன் இல்லாத பிள்ளை. குர்ஆனை முழுதும் மனப்பாடம் செய்து முடிக்கக் கொஞ்சம்தான் பாக்கி.

பழத்தோலைப் பிள்ளைகள் கண்டுவிட்டார்கள். மாஹீன் அடுக்களைப் பக்கம் போனதைப் பார்த்ததாக ஒருவன் சொன்னான். உடனே எல்லோர் முன்னாலும் அவனை நிறுத்தினார் உஸ்தாது.

"நீயாடா தின்னது?"

அவன் வாயே திறக்கவில்லை. அடுத்தவன் குறையை நீ மறைத்தால் உன் குறையை அல்லாஹ் மறைப்பான் என்று அந்த வாரம்தான் பாடம் நடத்தியிருந்தார். பிரம்பு விழுந்தது. உள்ளங்கை வெடித்து ரத்தம் வந்தது. தின்றவரே அடித்தார்!

வேலையாவது மண்ணாங்கட்டியாவது என்று வாசலில் போய் நின்று கத்தினேன்.

"படைச்சவனுக்குப் பயமில்லையா உஸ்தாதே? தின்னது நீங்கல்லா! நான்லா எடுத்துத் தந்தேன்!"

அவர் முகம் வெளுத்தது.

"இல்ல மாமி," என்றான் மாஹீன். "நான்தான் தின்னேன்."

அட பாவி மகனே!

உஸ்தாதுக்கு உயிர் திரும்பிவிட்டது. "கேட்டீங்களா மக்களே? கடைசில உண்மை வந்தாச்சு. பெரியவங்க மேல அபாண்டம் சொல்லப்பிடாது. அதுவும் நல்லொழுக்கம்தான்" என்று எனக்கும் சேர்த்துப் பாடம் நடத்தினார். அவனை விடுதியிலிருந்து நீக்கினார். என் சீட்டையும் கிழித்தார்.

மறுநாள் காலையில் மாஹீன் பெட்டியோடு போய் அவர் கையைப் பிடிக்கக் குனிந்தான். ஓதித் தந்தவர் மனம் பொருந்தி அனுப்பாவிட்டால் ஓதியது நெஞ்சில் நிற்காது என்று இங்கே பிள்ளைகள் உறுதியாக நம்புகிறார்கள்.

"பொருத்தம் தாங்க உஸ்தாதே."

கையை இழுத்துக்கொண்டார். "கள்ளனுக்குப் பொருத்தம் இல்ல. போ."

சுற்றிலும் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்களே, வேறு என்ன சொல்வார் அந்த யோக்கியர்!

கிழக்கேகோட்டையில் அவனோடு நானும் களியக்காவிளை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கேட்டேன். "எதுக்குலே பொய் சொன்னே?"

"உஸ்தாதுக்க மானம் போயிரும்லா மாமி. மானம் போனா பொருத்தம் தருவாரா?"

அவன் கண்ணை மூடி ஓதத் தொடங்கினான். நடுவில் ஓதல் நின்றது. மறுபடி முதலிலிருந்து ஓதினான். அதே இடத்தில் நின்றது. வீங்கிய கையால் என் முந்தானையைப் பிடித்தான்.

"மாமி, ஓதினது போகத் தொடங்கிட்டு."