எடுக்காத மஞ்சள் கல்

மஞ்சள் கல் வந்து நின்றதும் கனடாவின் சஸ்கட்டூன் அரங்கம் முழுக்கப் பேச்சு மூச்சு இல்லை. பச்சைச் சட்டைக்காரர்கள், தர்பூசணியைக் குடைந்து தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்த மகராசன்கள், காலையிலிருந்து மாட்டுமணியை ஆட்டிக் கை ஓய்ந்தவர்கள், எல்லோருக்கும் வாயடைத்துவிட்டது. பனியில் கல்லைச் சறுக்கிவிடும் கர்லிங்கில் தேசிய இறுதி ஆட்டம், கடைசிச் சுற்று, இரண்டு பக்கமும் சமம். வட்டத்தின் நடுவுக்கு யார் கல் கிட்டே நிற்கிறதோ அவர்களுக்குத்தான் புள்ளி. வட்டத்தின் நடுப்புள்ளிக்கு அருகில் இதுவரை ஜோலீனின் சிவப்புக் கல்தான் இருந்தது. இப்போது எதிரணி மனிடோபாக்காரிகளின் மஞ்சள் கல் அதைவிட ஒரு சாண் உள்ளே போய் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது. அவர்களுக்குக் கல் தீர்ந்துவிட்டது. ஜோலீனுக்கு இன்னும் ஒன்று பாக்கி.

ஜோலீன் பாச்சின்ஸ்கிக்கு வின்யார்டு என்ற சின்ன ஊரில் டிராக்டர் உதிரிபாகக் கடையில் வேலை. முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்த லீவுகளில் ஸ்காட்லாந்து, சுவிட்சர்லாந்து, ஜப்பான் என்று போகாத பனித்தளம் இல்லை, வாங்காத கோப்பை இல்லை. ஆனால் கனடா அணியின் மேப்பிள் இலைச் சட்டை போட்டு உலகப் போட்டிக்குப் போனதில்லை. அதற்கு இந்த இறுதி ஆட்டத்தை ஜெயிக்க வேண்டும். மூன்று தடவை இதுவரை வந்து பார்த்துவிட்டாள். ஒருமுறை பாதியிலேயே தோல்வி தெரிந்து கைகுலுக்கி விட்டுக்கொடுத்துவிட்டார்கள். இன்னொருமுறை கடைசிக் கல் எதிரணிக்குப் போனது. மூன்றாம் முறை முதுகு பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஆட்டமே தொங்கும் அந்த ஒற்றைக் கல்லை அவள் கை ஒருநாளும் விட்டதில்லை. தோற்றதைவிட அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

அப்போதுதான் கொரின் கையைத் தூக்கினாள். மனிடோபா அணியில், ஓடும் கல்லுக்கு முன்னால் துடைப்பத்தால் பனியைத் தேய்ப்பவள். எட்டு வருஷம் ஜோலீனோடு ஆடிவிட்டு, கல்யாணம் ஆகி அங்கே பிராண்டன் ஊருக்குப் போனவள்.

"ஜோ, என் துடைப்பம் கல்லுல பட்டுடுச்சு. வட்டத்துக்குக் கொஞ்சம் முன்னாடி."

கேமரா பார்க்கவில்லை, நடுவர் பார்க்கவில்லை. கொரினுடைய கேப்டனுக்கு முகம் சுண்டைக்காயாகச் சுருங்கியது. ஆனாலும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தொட்டவள் தானே சொல்ல வேண்டும் என்பதுதான் இந்த ஆட்டத்தின் வழக்கம். சொன்னவளைத் திட்டினால் ஊரில் தலைகாட்ட முடியாது.

அந்த இடத்தில் பட்டால் கல்லை என்ன செய்வது என்பது எதிரணிக் கேப்டனின், அதாவது ஜோலீனின், இஷ்டம். விட்டும் வைக்கலாம், எடுத்தும் விடலாம். எடுத்தால் சிவப்புக் கல் முதலாகிவிடும், ஆட்டம் முடிந்தது, உலகப் போட்டி கையில். பழம் நழுவிப் பாலில் விழுந்திருந்தது.

துணைக்கேப்டன் பிரென்னா சறுக்கிக்கொண்டே ஓடிவந்தாள். "எடுத்துடு ஜோ! என்ன யோசனை?"

"கல்லு அசங்கவே இல்லடி. நான் பின்னாடி நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

"அசங்கினா என்ன, அசங்காட்டி என்ன? சட்டம் உன் பக்கம். மேப்பிள் இலைடி! வாயில ஊட்டி விடுறாங்க, துப்பிடாத!"

உண்மையைச் சொன்னால் ஜோலீன் நியாயம் தர்மம் எதையும் யோசிக்கவில்லை. வழியில் நின்ற இரண்டு கற்களுக்கு நடுவிலிருந்த இடுக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு கல் நுழையும். இரண்டு பக்கமும் விரல்கடை கூட மிஞ்சாது. நுழைந்தால் மஞ்சளுக்கு நேர் வழி. அவளுக்கு வந்தது பயமில்லை, ஆசை. பட்டாசுக் கடை வாசலில் நிற்கும் குழந்தைக்கு வருகிற ஆசை.

"இருக்கட்டும், எடுக்க வேண்டாம்," என்றாள் நடுவரிடம்.

"பைத்தியமாடி உனக்கு? வலிய வந்த சீதேவியை எட்டி உதைக்கிறியே!"

"அப்புறம் திட்டு. இப்ப போய்த் துடைப்பத்தைக் காட்டு."

பிரென்னா முணுமுணுத்துக்கொண்டே வட்டத்துக்குள் நின்று குறி காட்டினாள். ஜோலீன் ரப்பர் கட்டையில் காலை ஊன்றி, பனியோடு பனியாகப் படிந்து, கல்லை விட்டாள்.

விட்ட கணமே தெரிந்தது, ஒரு மயிரிழை முன்னாலேயே வளையப் பார்க்கிறது.

"தேய்!" பிரென்னாவின் தொண்டை கிழிந்தது. "தேய்ங்கடி! விடாதீங்க! தேய், தேய், தேய்!"

தேய்க்கும் பெண்கள் இரண்டு பேரும் உடம்பு முழுவதையும் துடைப்பத்தில் ஏற்றினார்கள். கல் வளைய நினைத்தது, வளையாமல் நேரே ஓடியது. ஜோலீன் மண்டியிட்டபடியே கத்தினாள், என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. கல் இடுக்குக்குள் நுழைந்தது. இடது பக்கக் கல்லை உரசிற்றா? இல்லை! வெளியே வந்தது. டொக்! மஞ்சள் பறந்தது. சிவப்பு அங்கேயே நின்று ஒரு சுற்றுச் சுற்றி ஓய்ந்தது.

கூரை பிய்த்துக்கொண்டு போகாதது ஆச்சரியம். தர்பூசணி ஓடு ஒன்று பனியில் வந்து விழுந்தது. பிரென்னா ஓடிவந்து கட்டிக்கொண்டாள், முதுகில் நாலு குத்தும் குத்தினாள்.

மைக்கோடு வந்தவன் "என்ன பெருந்தன்மை!" என்று உருகினான். பெருந்தன்மையாவது மண்ணாவது!

மாடியில், ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்கு பீர் வாங்கித் தரும் நேரத்தில், கொரின் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜோலீன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ரொம்பத்தான் அலட்டிக்காத. நான் வாய மூடிட்டு இருந்திருந்தாலும் இதே கல்லத்தான் நீ விட்டிருக்கணும்."

"ஆமா," என்றாள் ஜோலீன். "அப்ப வேற வழியில்லாம விட்டிருப்பேன். இன்னிக்கு நானா கேட்டு வாங்கி விட்டேன்டி."