கென்சாகுவின் விடுதியில் இடமில்லை

1

இக்கதை எனக்குச் சொந்தமானதன்று. ஓசாகாவில் என்னோடு ஒரே அலுவலகத்தில் பணிபுரியும் ஃபுமியே, காலை ரயிலில் கூறியது. கூறிமுடிக்குமுன் நாங்கள் இறங்கும் யோதோயாபாஷி நிலையம் வந்துவிட்டது.

முதல் தொடக்கம்: ‘ஓசாகா நகரின்மீது மழை...’ (வேண்டா. அன்று மழையில்லை.)

2

ஃபுமியேயின் கணவர் கென்சாகு வசந்தத்தில் இறந்தார். சட்டைப்பையில் அடங்கும் மடக்கு மின்னணு விளையாட்டுக் கருவியொன்றை விட்டுச்சென்றார். அதில் அவருக்கு மிகப் பிடித்த ஆட்டம், சிறு விடுதியொன்றை நடத்துவது. அதே ஆட்டத்தை வைத்திருக்கும் அயலார் அருகில் நடந்து சென்றால் போதும். கருவிகள் தாமே பேசிக்கொள்ளும். அந்த அயலார் கென்சாகுவின் விடுதிக்கு விருந்தினராவார். கென்சாகுவின் வணக்கவுரை அவரது திரையை அடையும். கென்சாகு இறுதியாக எழுதியிருந்த வணக்கம்: ‘இன்றும் நேரமாகும். நீங்கள் உண்ணுங்கள்.’

கணவர் இன்னும் நான்கு பேருக்கு வணக்கம் சொல்லட்டுமென, ஃபுமியே கருவியை நாள்தோறும் கைப்பையில் சுமந்தார். விரைவில் விடுதி நிரம்பியது. நிரம்பினால் கதவு அடைபடும். வணக்கமும் வெளியே செல்லாது. விருந்தினரை வழியனுப்பினாலோ பழைய வணக்கம் அழிந்து, புதியது கேட்கப்படும். அவர் வழியனுப்பவில்லை. சொற்கள் பிழைத்தன, கேட்பாரின்றி.

3

இறந்தோர் தம் வீட்டுக்கு வந்து தங்குவதாக நம்பப்படும் கோடைநாள்களின் கடைசி மாலை. அவர்களை வழியனுப்ப வாசலில் நெருப்பு மூட்ட வேண்டும். கென்சாகுவின் அக்காள் ஹாருயோ வந்திருந்தார். ஃபுமியே அடுக்களையில் தர்ப்பூசணி நறுக்கிக்கொண்டிருக்கையில் ஹாருயோ கருவியைத் திறந்தார்.

“வீடு நெறைய விருந்தாளிய வெச்சுட்டு தம்பி எப்படிடி கெளம்புவான்? எல்லாரையும் அனுப்பிட்டேன்.”

“என்ன அண்ணி பண்ணீங்க!”

“கும்பிட்டுத்தான் அனுப்பினேன், மரியாதையில ஒண்ணும் கொறையில்ல. இப்ப ஏதோ வணக்கம் எழுதச் சொல்லுது.”

திரையில் வெற்றுக் கட்டம். ஃபுமியே தரையில் அமர்ந்துவிட்டார்.

“அவன் எழுதினதையே திரும்ப எழுதிடேன். இதுக்கா இப்படி உக்காந்துட்ட?”

“எழுதினா நான் சொன்னதா ஆயிடும், அண்ணி.”

ஹாருயோ கருவியை ஃபுமியேயின் மடியில் வைத்தார். பிறகு, “சின்ன வயசுல அவன் பொம்மையத் தொட்டா கடிச்சு வெப்பான். இப்ப கடிக்கவும் ஆளில்ல,” என்றார்.

4

(ஹாருயோவை முதலில் வேண்டுமென்றே அழித்தவராக எழுதினேன். தம்பி கடித்ததை அவர் சொன்னபின் அது இயலவில்லை.)

வாசகரே, கென்சாகுவின் சொற்களை ஃபுமியே என்னிடம் கூறவேயில்லை. இரண்டாம் பகுதியில் உள்ள வணக்கம் நான் இட்டது. மனைவி தொடத் தயங்கிய இடத்தில் நான் தயங்கவில்லை.

முடிவு ஒன்று: ஃபுமியே அதே சொற்களைத் தட்டச்சு செய்கிறார். (அடித்து நீக்கிவிட்டேன்.)

முடிவு இரண்டு: தம் பெயரில், ‘அவர் இனி...’ (இதையும்.)

கட்டம் காத்திருக்கிறது. மின்கலம் தீர்வதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிகிறது. வெளியே ஹாருயோ தீக்குச்சியை உரசாமல் கையில் பிடித்திருக்கிறார். எழுதினால் கென்சாகுவின் கதவு திறக்கும். உள்ளிருந்து பேசுவது வேறொருவராக இருக்கும். எழுதாவிடில் அவரும் இல்லை, வருவோரும் இல்லை.

எழுதுவதோ மூடுவதோ, தாங்கள் செய்யுங்கள். நான் கென்சாகுவின் வாயில் ஒருமுறை சொற்களை இட்டுவிட்டேன். இன்னொரு முறை மாட்டேன்.