பென்னாகரம் டெய்லர் செய்த கொலை

ஹயாத் பாஷா கொலை செய்த விஷயம் ஹயாத் பாஷாவுக்கே ஆறாம் தேதி காலையில்தான் தெரியவந்தது. சொன்னவர் பஸ் ஸ்டாண்டு டைம்கீப்பர் மாதேஸ்வரன். தினமும் கடைக்குள் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிற மனுஷன், அன்றைக்கு வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.

“பாய், இந்த மாசம் நீங்கதான் கொலகாரருங்க.”

“எந்த மாசமும் நானில்ல. உள்ள வந்து உக்காரு.”

“பரவால்லீங்க. நிக்கிறேன்.”

மாதேஸ்வரன் கையில் சந்திரமதுரனின் புது நாவல் இருந்தது. மாதத்துக்கு ஒன்று எழுதித் தள்ளுகிற ஆள். ஐந்தாம் தேதி தர்மபுரியிலிருந்து வரும் முதல் பஸ்ஸில் கட்டு வந்து இறங்கும். அன்றைக்குப் பென்னாகரத்தில் இருபது வீட்டிலாவது சோறு குழைந்துபோகும். காதலும் இருக்கும், கொலையும் இருக்கும், செய்தது யாரென்று கடைசிப் பக்கம்வரை சொல்ல மாட்டான். ஹயாத் பாஷா படித்ததில்லை. இரண்டாம் வகுப்போடு நின்றவர், எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அதுவும் போக, கொன்றது யாரென்று தெரிந்துகொண்டே நூறு பக்கம் மறைக்கிறவனை எந்தக் கணக்கில் நம்புவது? அவர் அளவு நாடாவையே நம்பாதவர். வெயிலில் நீளும், மழையில் சுருங்கும் என்பார்.

மாதேஸ்வரன் வெளியில் நின்றபடியே கதையைச் சொன்னார். பெயர் ‘மல்லிகை இரவில் மூன்றாம் நிழல்’. நளினாவும் சுரேந்தரும் ஒகேனக்கல்லில் பரிசலில் உட்கார்ந்து தொண்ணூற்றாறு பக்கம் காதலிக்கிறார்கள். நடுவில் நளினாவின் அத்தை மகன் செத்துப்போகிறான். வெள்ளிக்கிழமை காலை, சரியாகப் பத்து மணிக்கு. ஊரே சுரேந்தரைச் சந்தேகப்படுகிறது. கடைசி இரண்டு பக்கத்தில் பார்த்தால், கொன்றது பென்னாகரம் பஸ் ஸ்டாண்டு லேடீஸ் டெய்லர். அளவு நாடாவாலேயே கழுத்தை இறுக்கிவிட்டான். கிழவனுக்கு நளினா மேல் ஆசையாம். ‘ஒரே ஒரு முறை பார்த்தான். அவள் அளவு முழுவதும் அவன் மனதில் தைத்துக்கொண்டது’ என்று எழுதியிருந்தது.

பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் லேடீஸ் டெய்லர் ஒருவர்தான். கதையில் வருகிறவனுக்கு மூக்குக் கண்ணாடியின் ஒரு பக்கம் காம்பு உடைந்து, நூல் கட்டிக் காதில் மாட்டியிருந்தது. ஹயாத் பாஷா தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நூல் இருந்தது.

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. போன வருஷம் சஃபாரி சூட் போட்ட ஒருத்தன் பின்பக்கம் கிழிந்த பேண்டோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தான். ஒகேனக்கல் போக வேண்டும், இரண்டு தையல் போடுங்கள் என்றான். ஜென்ட்ஸ் தைக்கிறதில்லை என்றார் இவர். அவன் கெஞ்சவே, சரி, வெள்ளிக்கிழமை வா என்றார். அவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒகேனக்கல் பஸ் ஏறினான். ஏறும்போது திரும்பிக் கடையை ஒரு பார்வை பார்த்தான். அவன்தான் இந்தச் சந்திரமதுரன். வேறு யாராக இருக்க முடியும்?

சாயங்காலம் வாசகர்கள் வந்தார்கள். முன்னால் ஜானகியம்மாள். பெண்கள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை. ஊரில் சந்திரமதுரனை முதலில் படிக்கிறவர் அவர்தான். பின்னால் ரேஷன் கடையில் பில் போடும் பாஞ்சாலி. அவர்களுக்குப் பின்னால் மாதேஸ்வரன்.

ஜானகியம்மாளைப் பார்த்ததும் ஹயாத் பாஷாவுக்குத் தன் ஆர்டர் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்துச் சீருடை நூற்றிருபது செட். மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார், மூன்று வருஷமும் அது தர்மபுரிக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இந்தத் தடவை தருகிறேன் என்று அந்தம்மா வாயால் சொல்லியிருந்தார். கொலைகாரன் கையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் துணியை யார் கொடுப்பார்கள்?

“நாங்க யாரும் நம்பலீங்க பாய்” என்றார் ஜானகியம்மாள்.

“நல்லா இருப்பீங்கம்மா.”

“நம்பவே முடியலீங்க. அதான் வருத்தம். பன்னெண்டு வருசமா படிக்கிறேன், இப்படி என்னை ஏமாத்தினதில்ல அந்தாளு. காதல் அவ்ளோ அழகா வந்துச்சு. கடைசில கொண்டுவந்து உங்க தலையில கட்டிட்டாரு.”

“வெள்ளிக்கெழம பத்து மணியாம்” என்றாள் பாஞ்சாலி. “பாய் கடை தொறக்கறதே பதினொன்னு. பன்னெண்டுக்கு ஜும்மாவுக்கு மூடிருவாரு. எப்பங்க கொல பண்றது?”

சந்திரமதுரனுக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். ஜானகியம்மாள் வகுப்பில் படிப்பதுபோல் நிறுத்தி நிறுத்திப் படித்தார். மதிப்புக்குரிய ஐயா, தங்கள் தையல்காரர் இக்கொலையைச் செய்திருக்க வாய்ப்பே இல்லை. அவர் சொன்ன நாளில் எதையும் செய்ததாக இவ்வூரில் சாட்சி கிடையாது. பாஞ்சாலி என்பவர் தை மாதம் தம்பி கல்யாணத்துக்குக் கொடுத்த ஜாக்கெட் துணி சித்திரை முடியப்போகும்போதும் வரவில்லை. தம்பி மனைவி இப்போது மாங்காய் கேட்கிறாள். அவர் யாரையும் பார்த்து அளவெடுப்பவரும் அல்ல. தலை நிமிராமல் அளவு ஜாக்கெட்டை வாங்கி வைத்துக்கொள்வார், பிறகு அதையும் தொலைத்துவிடுவார். இவர் கொல்வதாக இருந்தால் அத்தை மகன் கிழமாகி, தானே செத்திருப்பான்.

ஹயாத் பாஷா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். நாற்பது வருஷத் தொழிலில் அவரை யாரும் இப்படிக் காப்பாற்றியதில்லை.

“கீழ நீங்க ஒரு கையெழுத்து போடணும்” என்றார் ஜானகியம்மாள். “மேற்படி எல்லாம் உண்மைன்னு. அடுத்த மாசம் வாசகர் கடிதத்துல வரும். தமிழ்நாடு பூரா படிக்கும்.”

“போடலைன்னா?”

“போடலைன்னா ஊரு என்ன நெனைக்கும் பாய்?” என்றார் மாதேஸ்வரன். அவர் இன்னமும் வெளியில்தான் நின்றிருந்தார்.

“டீச்சரம்மா, அப்ப யூனிபாரம்?”

ஜானகியம்மாள் சங்கடத்தோடு கடிதத்தை மடித்தார். “இதை என் கையால எழுதிட்டு நூத்தியிருபது செட்டை உங்ககிட்ட எப்படிங்க குடுக்கறது? ஜூன்ல பள்ளிக்கூடம் தொறந்தாகணும். நீங்களே சொல்லுங்க.”

கொலைகாரன் என்றால் சீருடை இல்லை. கொலைகாரன் இல்லை என்றாலும் சீருடை இல்லை. ஹயாத் பாஷா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி துடைத்தார்.

“வெள்ளிக்கெழம கையெழுத்து போடறேன்.”

பாஞ்சாலி சிரித்துவிட்டாள். “டீச்சர், இதையும் சேத்து எழுதிக்கங்க.” ஜானகியம்மாள் அங்கேயே நின்று எழுதிக்கொண்டார்.

வீட்டில் மனைவி ரோஷன் பீயிடம் சொன்னார். அவள் கதையெல்லாம் கேட்டுவிட்டு, “கடுதாசில என் ஜாக்கெட்டையும் எழுதச் சொல்லக் கூடாதா?” என்றாள். மகள் ஷகிலாவின் கல்யாணத்துக்கு எடுத்த துணி அது. ஷகிலாவின் மகள் இப்போது மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். அவர் சாப்பிட்டு எழுந்தார்.

ஒரு நாள். ஒரே ஒரு நாள் சொன்ன நேரத்துக்குக் கொடுத்துவிட்டால் கடிதம் பொய்யாகிவிடும். அப்புறம் அதில் எவனும் கையெழுத்துக் கேட்க முடியாது. சீருடையும் கைக்கு வரும். அவர் யோசித்தது இவ்வளவுதான். மறுநாள் மூட்டைக்கு அடியிலிருந்து பாஞ்சாலியின் துணியைத் தேடி எடுத்தார். அளவு ஜாக்கெட் கிடைக்கவில்லை. கிடைக்காது என்று அவருக்கே தெரியும். நாற்பது வருஷமாகத் தலை நிமிராமல் இருந்தாலும் போகிற வருகிற தோளும் முதுகும் கண்ணில் படாமலா போகும்? வெட்டினார். வியாழக்கிழமை பொழுது சாயும்முன் கொக்கிகூடக் கட்டியாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை ரேஷன் கடை லீவு. காலையில் ஜானகியம்மாளும் மாதேஸ்வரனும் பாஞ்சாலி வீட்டில் கூடி, கடிதத்தைச் சுத்தமாகப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ரேடியோவில் பத்து மணி அடித்தது. வாசலில் ஹயாத் பாஷா நின்றிருந்தார். கழுத்தில் அளவு நாடா. கையில் பேப்பர் பொட்டலம்.

“தங்கச்சி, உன் ஜாக்கெட்டு.”

மாதேஸ்வரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பஸ்ஸுக்குப் பத்து நிமிஷம் முன்னே பின்னே போட்டுக்கொடுக்கிற ஆள்தான், ஆனாலும் வாட்ச் சரியாக இருந்தது.

“போட்டுப் பாரு” என்றார் ஹயாத் பாஷா.

பாஞ்சாலி உள்ளே போனாள். திரும்பி வந்தபோது ஜாக்கெட் அவளோடு பிறந்ததுபோல் இருந்தது. கையில் சுருக்கம் இல்லை, தோளில் தூக்கல் இல்லை. அவள் முகம்தான் வெளுத்திருந்தது.

“பாய், அளவு ஜாக்கெட்டு கெடச்சுதுங்களா?”

“அது எங்க கெடைக்கும். தொலைஞ்சு மூணு மாசமாச்சு.”

“அப்புறம் அளவு?”

“ஒரு தடவ பாத்தா போதாதா?” என்றார் பெருமையாக. தன் வாயால் தொழிலைப் பற்றி அவர் பெருமையாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மாதேஸ்வரன் மெல்ல எழுந்து தன் நாற்காலியைத் தனக்கு முன்னால் வைத்துக்கொண்டார். ஜானகியம்மாள் மேஜை மேல் கிடந்த நாவலைப் பார்த்தார், நாடாவைப் பார்த்தார், பிறகு கடிதத்தை நாலாகக் கிழித்தார்.

“நாமதான் சரியா படிக்கல” என்றார் மற்ற இருவரிடமும், தாழ்ந்த குரலில். “அந்தாளு மொத பக்கத்துலயே சொல்லியிருக்காரு. கொல பண்றவன் பொறுமையானவன்னு. என்ன எழுத்துங்க அது.”

“அப்ப கையெழுத்து வேணாமாம்மா?”

“எதுக்குங்க பாய். ஒன்னும் வேணாம்.”

“யூனிபாரம்?”

“நாளைக்கே துணி அனுப்பறேனுங்க. அளவு நானே எழுதி அனுப்பிடறேன். நீங்க யாரையும் பாக்க வேணாம்.”

“ஜூன் ஒன்னாந்தேதி கரெக்டா குடுத்துர்றேன்.”

“அய்யோ, வேணாங்க” என்றார் ஜானகியம்மாள் அவசரமாக. “நேரங்காலம் எல்லாம் பாக்காதீங்க. லேட்டாவே குடுங்க.”

ஹயாத் பாஷா ஜும்மாவுக்குப் போகும்போது தெருவே ஒதுங்கி வழிவிட்டது. ஜெயித்ததுபோலத்தான் இருந்தது. ஆனாலும் அவருக்கு எதிலோ நம்பிக்கை வரவில்லை. நாற்பது வருஷமாகச் சீக்கிரம் சீக்கிரம் என்று உயிரை வாங்கிய ஜனம், சொன்ன நேரத்துக்குக் கொடுத்தால் ஏன் இப்படிப் பார்க்கிறது?

தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார். ரோஷன் பீ வழக்கத்தைவிடத் தள்ளி நின்று சோறு போட்டாள்.

“உன் ஜாக்கெட்டைத் தைக்க எடுத்துட்டேன். அடுத்த வெள்ளி பத்து மணிக்குக் குடுத்துர்றேன்.”

கரண்டி அப்படியே நின்றது.

“எனக்கொன்னும் அவசரமில்லீங்க” என்றாள் ரோஷன் பீ.